அறிவிக்கும் கட்டணமும் கட்டும் கட்டணமும்: அமெரிக்கத் தனியார் பல்கலைக்கழகங்களின் தகுதி உதவித்தொகை

அமெரிக்காவின் புகழ்பெற்ற தனியார் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கல்விக் கட்டணம், விடுதி, உணவு, நூல்கள் என எல்லாம் சேர்த்து ஓராண்டுச் செலவு இப்போது 90,000 டாலரைத் தாண்டிவிட்டது. நான்காண்டுப் பட்டப்படிப்புக்குக் கணக்கிட்டால் மூன்றரை லட்சம் டாலருக்கும் மேல் ஆகிறது. இந்தத் தொகையைப் பார்த்தவுடன் பெற்றோர் பலர் அந்தக் கல்லூரியைப் பட்டியலிலிருந்தே அடித்துவிடுகிறார்கள். வேறு சிலர், பிள்ளைக்கு நல்ல மதிப்பெண் இருக்கிறது, உதவித்தொகை எப்படியும் கிடைத்துவிடும் என்று நம்பி விண்ணப்பிக்கிறார்கள். இரு தரப்பாரும் பிழைபடுவது ஒரே இடத்தில்தான். அறிவித்த கட்டணத்தில் ஒருவருக்கு எவ்வளவு குறையும் என்பதைக் கல்லூரியின் பெயரோ மாணவரின் மதிப்பெண்ணோ தனியாக நின்று தீர்மானிப்பதில்லை. இந்த மாணவர் அந்தக் கல்லூரிக்கு எவ்வளவு தேவைப்படுகிறார் என்பதே தீர்மானிக்கிறது.

கல்லூரி, பல்கலைக்கழக நிதி அலுவலர்களின் தேசியச் சங்கம் ஆண்டுதோறும் லாபநோக்கற்ற தனியார் கல்லூரிகளிடம் ஒரு கணக்கெடுப்பு நடத்துகிறது. அதன்படி, அண்மை ஆண்டுகளில் முதலாண்டு மாணவர்களுக்கான சராசரித் தள்ளுபடி 56 விழுக்காட்டை ஒட்டி நிற்கிறது. அதாவது, புதிதாகச் சேரும் மாணவர்களிடமிருந்து கல்விக் கட்டணமாக வரவேண்டிய ஒவ்வொரு 100 டாலரிலும் ஏறத்தாழ 56 டாலரைக் கல்லூரியே ஏதோ ஒரு பெயரில் உதவித்தொகையாக விட்டுக்கொடுக்கிறது. அந்த மாணவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் அளவில் இப்படி ஏதேனும் ஒரு தொகையைப் பெறுகிறார்கள். ஏறத்தாழ எல்லோருக்கும் கிடைக்கும் ஒன்றைப் பரிசு என்று சொல்வது எந்த அளவுக்குப் பொருந்தும் என்ற கேள்வியை இந்தப் புள்ளிவிவரமே எழுப்பிவிடுகிறது.

உதவித்தொகை என்றதும், யாரோ ஒரு கொடையாளரோ அரசோ ஒதுக்கிவைத்த பணம், போட்டியில் முந்தியவருக்குப் போய்ச் சேர்கிறது என்றே நாம் எண்ணிக்கொள்கிறோம். அத்தகைய பணம் அங்கும் உண்டு. அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்துக்கு 1979-இல் கோக்கா கோலா நிறுவனத்தை நெடுங்காலம் நடத்திய ராபர்ட் வுட்ரஃபும் அவர் சகோதரரும் 10.5 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளை வழங்கினார்கள்; இன்றும் அங்கே, குடும்ப வசதியைப் பார்க்காமல் திறமைக்காகத் தரப்படும் தகுதி உதவித்தொகைகளில் மிக உயர்ந்தது வுட்ரஃப் பெயரில்தான் வழங்கப்படுகிறது. டியூக் பல்கலைக்கழகமும் அதன் அண்டையில் சேப்பல் ஹில்லிலுள்ள வட கரோலினா பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்தும் ராபர்ட்சன் திட்டம், 2000-இல் ஒரு முதலீட்டாளர் குடும்பம் கொடுத்த நிதியில் பிறந்தது. இவற்றுக்குப் பின்னால் உண்மையான மூலதனமும் அதன் வட்டியும் இருக்கின்றன. ஆனால் தனியார் கல்லூரிகள் விட்டுக்கொடுக்கும் மொத்தத் தொகையில் இது சிறுபகுதியே. பெரும்பகுதிக்குப் பின்னால் எந்த நிதியும் இல்லை. எந்தக் கணக்கிலிருந்தும் பணம் எடுக்கப்படுவதில்லை. மாணவருக்கு வரும் ரசீதில் ஒரு தொகை கழிக்கப்படுகிறது, அவ்வளவுதான். ஆடி மாதத்தில் விலையை ஏற்றி ஒட்டிவிட்டுத் தள்ளுபடி தரும் ஜவுளிக்கடையின் வழக்கத்தோடு இதற்கு உறவு உண்டு. ஒரு பெரிய வேறுபாடு, இங்கே ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தள்ளுபடி வேறு. பக்கத்தில் நிற்பவருக்கு எவ்வளவு என்பது மற்றவருக்குத் தெரியாது.

அப்படியானால் விலையையே குறைத்துவிடலாமே என்று கேட்கலாம். ஓஹையோ மாநிலத்தின் மஸ்கிங்கம் கல்லூரி 1996-இல் அதைச் செய்து பார்த்தது. ஆண்டுக் கல்விக் கட்டணத்தை 13,850 டாலரிலிருந்து 9,850 டாலராக ஒரேயடியாகக் குறைத்தது. மாணவர் எண்ணிக்கை அங்கே கூடவே செய்தது. அதன் பிறகு சிறிய கல்லூரிகள் பல அந்த வழியில் சென்றிருக்கின்றன. ஆயினும் பெரும்பாலான கல்லூரிகள் தயங்குவதற்குக் காரணம் இருக்கிறது. கட்டணம் உயர்ந்தால் தரமும் உயர்ந்ததாக எண்ணும் மனப்போக்கு பெற்றோரிடம் வலுவாக இருக்கிறது. தவிர, 35,000 டாலர் கட்டணமுள்ள கல்லூரியில் இடம் கிடைத்ததைச் சொல்வதைவிட, 60,000 டாலர் கட்டணமுள்ள கல்லூரி 25,000 டாலர் ‘அதிபர் உதவித்தொகை’ கொடுத்துத் தங்கள் பிள்ளையை அழைக்கிறது என்று உறவினரிடம் சொல்வதில் குடும்பத்துக்கு ஒரு பெருமிதம் இருக்கிறது. இரண்டிலும் கட்டப்போவது ஒரே தொகை என்பதைச் சேர்க்கை அலுவலகங்கள் நன்றாக அறிந்தே வைத்திருக்கின்றன.

வறுமைக்கு உதவியாகத் தொடங்கியது

இந்த ஏற்பாடு இன்றைய வடிவத்தை அடைந்த கதை நீளமானது. அதை அறிந்தால்தான் ஹார்வர்டில் ஏன் தகுதி உதவித்தொகை இல்லை, அதைவிடப் பல படி கீழே உள்ள கல்லூரிகளில் ஏன் தாராளமாக இருக்கிறது என்பது விளங்கும். ஹார்வர்டின் முதல் உதவித்தொகை 1643-இல் இங்கிலாந்தைச் சேர்ந்த ஆன் ராட்கிளிஃப் என்ற பெருமாட்டி கொடுத்த 100 பவுண்டு. அது ஏழை மாணவர் ஒருவருக்கு உதவுவதற்காகக் கொடுக்கப்பட்டது. அங்கிருந்து ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் கழித்து, 1930-களில், அப்போதைய தலைவர் ஜேம்ஸ் பிரையன்ட் கோனன்ட், கிழக்குக் கடற்கரையின் செல்வக் குடும்பங்களுக்கு வெளியே இருக்கும் திறமைசாலிகளைத் தேடி ‘தேசிய உதவித்தொகை’ என்ற திட்டத்தைத் தொடங்கினார். பள்ளிக்குப் பள்ளி பாடத்திட்டம் மாறுபட்ட நிலையில் அந்த மாணவர்களை எப்படி ஒப்பிடுவது என்ற சிக்கலைத் தீர்க்கத்தான் அவருடைய உதவியாளர் ஹென்றி சான்சி, அன்று புதிதாக இருந்த எஸ்ஏடி என்னும் கல்லூரிச் சேர்க்கைத் தேர்வைக் கையில் எடுத்தார். இன்று கோடிக்கணக்கான டாலர் புழங்கும் அந்தத் தேர்வு ஹார்வர்டுக்குள் நுழைந்தது உதவித்தொகை மாணவர்களைத் தெரிவுசெய்யத்தான் என்பது பலருக்குத் தெரியாது. அந்தத் திட்டத்தில் ஆளைத் தெரிவு செய்தது திறமை. தொகையைத் தீர்மானித்தது குடும்பத்தின் வசதி. இந்த இரண்டையும் பிரித்து வைத்த தெளிவு பிற்காலத்தில் பெரும்பாலான இடங்களில் தொலைந்துபோயிற்று.

1950-களில் ஹார்வர்டின் நிதியுதவி அலுவலராக இருந்த ஜான் மன்ரோ, குடும்பத்தின் வருமானத்தைக் கொண்டு தேவையைக் கணக்கிடும் ஒரு வாய்பாட்டை உருவாக்கினார். 1954-இல், எஸ்ஏடி தேர்வை நடத்தும் கல்லூரி வாரியத்தின் கீழ் அதற்கென்றே ஓர் அமைப்பும் வந்தது. ஏறத்தாழ அதே காலத்திலிருந்து ஹார்வர்ட் உள்ளிட்ட பழைய கல்விநிலையங்களின் குழுவான ஐவி லீகின் எட்டுப் பல்கலைக்கழகங்களும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்ஐடியும் ஆண்டுதோறும் கூடி, தங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் அனுமதி பெற்ற மாணவர்களின் நிதியுதவியை ஒப்பிட்டு, ஒரே அளவாக்கிக்கொண்டன. தகுதிக்காக யாரும் கூடுதல் தொகை கொடுப்பதில்லை என்றும் உடன்பட்டிருந்தன. இருக்கும் பணம் ஏழைகளுக்கே போகவேண்டும் என்பது அவர்கள் சொன்ன நியாயம். போட்டியாளர்கள் கூடி விலை பேசுவது சட்டவிரோதம் என்பது 1991-இல் வழக்குத் தொடுத்த அமெரிக்க நீதித் துறையின் வாதம். ஐவி லீக் எட்டும் உடனே சமரசம் செய்துகொண்டன. எம்ஐடி மட்டும் வழக்காடி, 1993-இல் மேல்முறையீட்டில் ஓரளவு சாதகமான தீர்ப்புப் பெற்றது. 1994-இல் நாடாளுமன்றம் வரம்புக்குட்பட்ட ஒரு விலக்கு அளித்தது. அந்த விலக்கு 2022-இல் காலாவதியாயிற்று. அதே ஆண்டு, விலக்கின் நிபந்தனைகளை மீறிக் கூட்டுச் சேர்ந்து உதவியைக் குறைத்தார்கள் என்று முன்னாள் மாணவர்கள் தொடுத்த வழக்கில் 2024 முடிவதற்குள் பன்னிரண்டு பல்கலைக்கழகங்கள் தவற்றை ஒப்புக்கொள்ளாமலேயே மொத்தம் ஏறத்தாழ 32 கோடி டாலர் கொடுக்க இசைந்தன. வழக்குகள் எப்படிப் போனாலும், ஐவி லீக் பல்கலைக்கழகங்களும் எம்ஐடியும் இன்றுவரை கல்வித் தகுதிக்காகத் தனியே உதவித்தொகை தருவதில்லை. தரவேண்டிய கட்டாயமும் அவற்றுக்கு இல்லை. இருக்கும் இடங்களைப் போலப் பல மடங்கு விண்ணப்பங்கள் குவிகின்றன.

மற்றக் கல்லூரிகளின் நிலைமை வேறு. 1970-களின் இறுதியில், இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிறந்த பெருந்தலைமுறை படித்து முடித்து வெளியேற, பதினெட்டு வயதினரின் எண்ணிக்கை சரியத் தொடங்கியது. பாஸ்டன் கல்லூரியின் சேர்க்கைத் தலைவரும் இயற்பியல் படித்தவருமான ஜாக் மகுவயர், சேர்க்கை, நிதியுதவி, விளம்பரம், மாணவர் தக்கவைப்பு ஆகியவற்றை ஒரே கணக்காக இணைத்து நிர்வகிக்கும் முறையை 1970-களின் நடுவில் முன்வைத்தார். அங்கே பிறந்த ‘சேர்க்கை மேலாண்மை’ இன்று பெரும் ஆலோசனை நிறுவனங்கள் நடத்தும் தொழிலாக வளர்ந்திருக்கிறது. எந்த அஞ்சல் பகுதியைச் சேர்ந்த, எந்த மதிப்பெண் வரம்பில் உள்ள, எந்தப் பாடத்தை விரும்பும் மாணவர், எத்தனை ஆயிரம் டாலர் குறைத்தால் வந்து சேர்வார் என்பதைப் பழைய தரவுகளிலிருந்து கணித்துச் சொல்வதே அவர்களின் வேலை.

அந்தக் கணிதத்தின் அடிப்படை எளியது. கல்விக் கட்டணம் 60,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். கல்லூரி விட்டுக்கொடுக்கத் தயாராக இருப்பது 60,000 டாலர். அதை ஓர் ஏழை மாணவருக்கு முழுமையாகக் கொடுத்தால், ஒரு நல்ல மாணவர் கிடைப்பார். கட்டண வருமானம் எதுவும் வராது. அதையே ஆளுக்கு 15,000 டாலராக, வேறு கல்லூரிக்குப் போகக்கூடிய வசதியான நான்கு பேருக்குப் பகிர்ந்தால், நால்வரும் சேர்ந்து 1,80,000 டாலர் கட்டுவார்கள். அவர்களின் உயர்ந்த மதிப்பெண்களால் கல்லூரியின் சராசரியும் ஏறும். தகுதி உதவித்தொகையின் பெரும்பகுதி ஏன் நடுத்தர, மேல்நடுத்தரக் குடும்பங்களுக்குப் போகிறது என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை. இதில் அநீதி இருக்கிறது என்றே நான் கருதுகிறேன். அதே வேளையில், முழுக் கட்டணத்தையும் கட்ட முடியாமலும் தேவை அடிப்படையிலான உதவிக்குத் தகுதி இல்லாமலும் நடுவில் சிக்கிக்கொள்ளும் சம்பளக்காரக் குடும்பத்துக்கு வேறு கதவு திறந்திருப்பதில்லை என்பதும் உண்மை.

எங்கே தேடுவது

ஆகவே, குடும்பத்தின் வருமானம் முதலில் பார்க்கவேண்டியது. ஆண்டு வருமானம் ஒரு லட்சம் டாலருக்கும் குறைவான குடும்பத்துப் பிள்ளை ஹார்வர்டிலோ எம்ஐடியிலோ இடம்பெற்றால், 2025-26 முதல் நடப்பிலுள்ள விதிகளின்படி, வழக்கமான சொத்து நிலை உள்ளவர்களுக்கு விடுதி, உணவு உட்பட ஏறத்தாழ எல்லாமே இலவசம். இரண்டு லட்சம் வரை கல்விக் கட்டணம் இல்லை. இத்தகைய குடும்பத்துக்குத் தகுதி உதவித்தொகையைத் தேடி அலைவது தேவையற்ற உழைப்பாகக்கூட முடியலாம். ஏனென்றால், தேவை முழுவதையும் ஈடுசெய்யும் கல்லூரிகள் பல, தகுதித் தொகை கிடைத்தால் அந்த அளவுக்குத் தேவை உதவியைக் குறைத்துவிடும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூடுவதில்லை. 2011 முதல் ஒவ்வொரு கல்லூரியும் தன் இணையதளத்தில் நிகரச் செலவுக் கணிப்பான் ஒன்றை வைத்திருக்கவேண்டும் என்பது கூட்டரசின் சட்டம். வருமான வரிக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் செலவிட்டால், எந்தப் பக்கம் தேடவேண்டும் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

கணிப்பான், முழுக் கட்டணத்தையும் உங்களால் கட்ட முடியும் என்று சொல்லுமானால், தகுதி உதவித்தொகைதான் வழி. இரட்டைச் சம்பளத்தில் இரண்டரை லட்சம் டாலர் ஈட்டி, வீட்டுக் கடன் கட்டிக்கொண்டு, இரண்டாவது பிள்ளையையும் கல்லூரிக்கு அனுப்பவேண்டிய குடும்பத்துக்கு அந்தக் கணிப்பு நகைப்பாகத் தோன்றும். 2024-25 முதல் ஃபாஃப்சா என்னும் கூட்டரசின் நிதியுதவி விண்ணப்பம், ஒரே நேரத்தில் எத்தனை பிள்ளைகள் கல்லூரியில் படிக்கிறார்கள் என்பதைக் கணக்கில் எடுப்பதையும் விட்டுவிட்டதால், இத்தகைய குடும்பங்களின் நிலை இன்னும் இறுகியிருக்கிறது.

தகுதி உதவித்தொகை தரும் தனியார் பல்கலைக்கழகங்களிலும் இரு வகை உண்டு. வாண்டர்பில்ட், டியூக், எமரி, செயின்ட் லூயிஸிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகம், தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம் போன்றவை ஐவி லீகை நெருங்கிப் போட்டியிடும் இடங்கள். இவை முழுக் கட்டணத்தையோ அதன் பெரும்பகுதியையோ ஈடுசெய்யும் பெரிய தொகைகளைக் குறைந்த எண்ணிக்கையிலான மாணவர்களுக்கு மட்டும் தருகின்றன. ஹார்வர்டிலும் ஸ்டான்ஃபர்டிலும் இடம் கிடைக்கக்கூடிய ஒருவரைத் தம் பக்கம் இழுப்பதே நோக்கம் என்பதால், இங்கே வெல்வது அனுமதி பெறுவதைவிடக் கடினம். வாண்டர்பில்டின் கார்னீலியஸ் வாண்டர்பில்ட் உதவித்தொகை முழுக் கல்விக் கட்டணத்தோடு ஒரு கோடைக்கால ஆய்வுப் பணத்தையும் தருகிறது. அதற்கு வழக்கமான விண்ணப்பத்தோடு தனிக் கட்டுரையும் எழுதவேண்டும். நியூ ஆர்லியன்ஸின் டுலேன் பல்கலைக்கழகம் தன் உதவித்தொகை ஒன்றுக்கு, காகிதத்தில் வெறும் கட்டம் ஒன்றை வரைந்து, கற்பனையைக் கொண்டு இதை நிரப்புக என்று கேட்டுவந்தது. மாணவர்கள் ஓவியமும் எந்திர மாதிரியும் தையல் வேலையும் செய்து அனுப்பினார்கள். இறுதிச் சுற்றுக்கு வருபவர்களைப் பல கல்லூரிகள் சில நாள் வளாகத்துக்கு அழைத்து நேர்காணல் நடத்துகின்றன. இந்தத் தொகைகளை எதிர்பார்த்துக் குடும்ப வரவுசெலவைத் திட்டமிடுவது, கிடைத்தால் நல்லது என்ற அளவுக்கு மேல் போகக்கூடாது.

இரண்டாம் வகை, அதற்கு அடுத்த வரிசைகளில் இருக்கும் நூற்றுக்கணக்கான கல்லூரிகள். சராசரிக் குடும்பத்தின் செலவை உண்மையில் குறைப்பவை இவைதாம். இங்கே தொகை பெரும்பாலும் அனுமதிக் கடிதத்தோடு தானாகவே வருகிறது; தனி விண்ணப்பம் தேவைப்படுவதில்லை. ஒரு மாணவர் அந்தக் கல்லூரியில் சேர்பவர்களின் மேல் கால்பகுதிக்குள் இருந்தால் தாராளமாகவும், நடுவில் இருந்தால் கொஞ்சமாகவும் கிடைக்கும். இதிலிருந்து, தகுதி என்பது மாணவரோடு கூடவே எல்லா இடத்துக்கும் பயணிக்கும் ஒரு பண்பாக இங்கே கருதப்படவில்லை என்பது தெரிகிறது. எஸ்ஏடியில் 1,450 எடுத்தவர் ஓரிடத்தில் முழுக் கட்டணம் கட்டும் சாதாரண விண்ணப்பதாரர்; இன்னோரிடத்தில் ஆண்டுக்கு 30,000 டாலர் விட்டுக்கொடுத்து அழைக்கத்தக்கவர். இரு இடத்திலும் மாணவர் அவரே.

ஒரு கல்லூரி உண்மையில் எவ்வளவு கொடுக்கிறது என்பதை விளம்பரக் கையேட்டில் தேடவேண்டியதில்லை. கல்லூரிகள் பெரும்பாலானவை ‘பொதுத் தரவுத் தொகுப்பு’ என்ற ஆவணத்தை ஆண்டுதோறும் வெளியிடுகின்றன. அதன் எச் 2ஏ பிரிவில், நிதித் தேவை இல்லாத முதலாண்டு மாணவர்களில் எத்தனை பேருக்குத் தகுதித் தொகை கொடுக்கப்பட்டது, சராசரி எவ்வளவு என்ற இரண்டு எண்களும் இருக்கும். சேர்ந்தவர்களின் மதிப்பெண் பரவல் சி பிரிவில் இருக்கும். இந்த மூன்று எண்களையும் பத்துப் பதினைந்து கல்லூரிகளுக்கு எடுத்து ஒரே தாளில் எழுதிப் பார்த்தால், பட்டியலின் வடிவமே மாறிப்போகும். பயிற்சி நிலையங்களுக்கும் ஆலோசகர்களுக்கும் ஆயிரக்கணக்கில் கொடுக்கும் பெற்றோர்கூட இந்த இலவச ஆவணத்தைத் திறந்து பார்ப்பதில்லை.

தேசிய அளவிலான நேஷனல் மெரிட் போட்டியைப் பற்றியும் சொல்லவேண்டும். 1955-இல் தொடங்கிய இதில், பதினோராம் வகுப்பில் எழுதும், எஸ்ஏடிக்கு முன்னோட்டமான பிஎஸ்ஏடி தேர்வின் அடிப்படையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 16,000 பேர் அரையிறுதிக்குத் தெரிவுசெய்யப்படுகிறார்கள். தெரிவுக்குத் தேவையான குறைந்தபட்ச மதிப்பெண் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும்; நியூ ஜெர்சி, மாசசூசெட்ஸ் மாணவர்களுக்கு அது உயரத்தில் நிற்கும், வயோமிங் போன்ற இடங்களில் தாழ்ந்திருக்கும். அந்த அமைப்பு நேரடியாகத் தரும் பரிசு ஒரு முறை மட்டும் வழங்கப்படும் 2,500 டாலர். இன்றைய கட்டணத்தில் அது ஒரு மாதச் செலவுக்கும் போதாது. ஆனால் இறுதிச் சுற்றை எட்டியவர்களின் எண்ணிக்கையைப் பெருமையாகக் கருதும் கல்லூரிகள் சில, அந்தப் பட்டத்துக்காகவே பெரிய தொகைகளைத் தருகின்றன. ஒக்லஹோமாவிலுள்ள டல்சா என்ற தனியார் பல்கலைக்கழகம் அவர்களுக்குக் கட்டணம், விடுதி, உணவு மூன்றையும் ஈடுசெய்யும் தொகையால் பெயர்பெற்றது.

கடிதம் வந்த பின்

நிதியுதவிக் கடிதத்தைப் படிப்பதற்கு ஒரு நிதானம் வேண்டும். அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம் 2022-இல் வெளியிட்ட அறிக்கை, கல்லூரிகளில் ஏறத்தாழ 91 விழுக்காடு தங்கள் கடிதங்களில் நிகரச் செலவைச் சொல்வதே இல்லை, அல்லது குறைத்துச் சொல்கின்றன என்று கண்டறிந்தது. பெற்றோர் திருப்பிக் கட்டவேண்டிய கடனையும் வளாகத்தில் வேலைசெய்து ஈட்டவேண்டிய ஊதியத்தையும் உதவித்தொகையோடு சேர்த்துக் கூட்டி, மொத்தம் இவ்வளவு என்று காட்டும் கடிதங்கள் இன்றும் வருகின்றன. கடனையும் வேலையையும் நீக்கிவிட்டு, திருப்பித் தரவேண்டாத தொகையை மட்டும் மொத்தச் செலவிலிருந்து கழித்தால் வருவதே உண்மையான எண்.

அந்த எண்ணும் முதலாண்டுக்கு உரியது. தகுதித் தொகை பெரும்பாலும் டாலரில் நிலையாக நிர்ணயிக்கப்படுகிறது. கட்டணமோ ஆண்டுதோறும் ஏறுகிறது. கல்விக் கட்டணம் 60,000, உதவித்தொகை 25,000 என்று தொடங்குபவர், ஆண்டுக்கு 4 விழுக்காடு உயர்வு என்று கொண்டால், நான்காம் ஆண்டில் 67,500 டாலரை ஒட்டிய கட்டணத்துக்கு அதே 25,000-ஐத்தான் கழித்துக்கொள்வார். நான்கு ஆண்டுகளும் தொகை தொடர, சராசரி மதிப்பெண் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போகக்கூடாது. பல இடங்களில் அது 4-க்கு 3.0, சில இடங்களில் அதைவிடக் கூடுதல். வேதியியலும் கணிதமும் நிறைந்த முதலாண்டில் பொறியியல் மாணவர் ஒருவர் 3.0-ஐ இழப்பது அரிய நிகழ்வன்று. கட்டணத்துக்கும் நூல்களுக்கும் செலவாகும் உதவித்தொகைக்கு வருமான வரி இல்லை. விடுதிக்கும் உணவுக்கும் செலவாகும் பகுதிக்கு வரி உண்டு. எல்லாச் செலவையும் ஏற்கும் பெரிய பரிசு வென்ற குடும்பங்கள் இதை அடுத்த ஆண்டு வரிக் கணக்கின்போதுதான் அறிகின்றன.

பேரம் பேசலாமா என்ற கேள்விக்கு விடை, பேசலாம் என்பதே. ஆனால் பிடிமானம் வேண்டும். ஏறத்தாழ நிகரான இன்னொரு கல்லூரி கூடுதலாகக் கொடுத்திருக்கும் கடிதமே அந்தப் பிடிமானம். தேவை உதவியில் மறுபரிசீலனை கேட்கக் குடும்பச் சூழ்நிலை மாறியிருக்கவேண்டும். தகுதித் தொகையில் போட்டிக் கடிதம் போதும். ‘எர்லி டிசிஷன்’ முறையில் விண்ணப்பித்தவர், அனுமதி கிடைத்தால் சேர்வதாக நவம்பரிலேயே ஒப்புக்கொண்டுவிடுவதால், இந்தப் பிடிமானத்தைத் தானே கைவிடுகிறார். சேரப்போவது உறுதியான ஒருவருக்குக் கட்டணத்தைக் குறைக்கக் கல்லூரிக்கு என்ன காரணம் இருக்கும்? உதவித்தொகையை நம்பியிருக்கும் குடும்பம் அந்த வழியில் போவதற்கு முன் இருமுறை யோசிக்கவேண்டும். எந்தக் கல்லூரியில் சேர்வது என்று முடிவு சொல்லவேண்டிய மே 1 என்ற கடைசி நாள்கூட முன்புபோல் உறுதியானதன்று. அந்நாளுக்குப் பிறகு மற்றக் கல்லூரி மாணவர்களை இழுக்கக்கூடாது என்று சேர்க்கை ஆலோசகர் சங்கம் வைத்திருந்த ஒழுக்க விதியை, 2019-இல் நீதித் துறை போட்டிக்கு எதிரானது என்று கருதியதால் சங்கம் நீக்கிவிட்டது. இடங்கள் நிரம்பாத கல்லூரிகள் மே மாதத்திலும் தொகையைக் கூட்டிக் கடிதம் எழுத இன்று தடையில்லை.

அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஒரு பிரிவினருக்கு இந்தத் தகுதித் தொகையைத் தவிர வேறு வழி பெரும்பாலும் இல்லை. எச்-1பி விசாவில் பணிபுரிபவரின் பிள்ளை, இரண்டாம் வகுப்பிலிருந்தே அமெரிக்கப் பள்ளியில் படித்திருந்தாலும், குடும்பத்தினருக்கான எச்-4 விசாவில் இருக்கும்வரை கூட்டரசின் உதவியோ கடனோ பெற முடியாது. இந்தியர்களுக்கோ நிரந்தர வசிப்புரிமைக்கான இறுதி விண்ணப்பத்தைப் போடும் முறை வரவே பல ஆண்டுகள் காத்திருக்கவேண்டியிருக்கிறது. சில பல்கலைக்கழகங்கள் இவர்களை வெளிநாட்டு மாணவர்களாகவே எண்ணுகின்றன. சில உள்ளூர்ப் பள்ளி மாணவர்களோடு சேர்க்கின்றன. விண்ணப்பிப்பதற்கு முன்பே சேர்க்கை அலுவலகத்திடம் இதை எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது. சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ நேரடியாக விண்ணப்பிப்பவருக்கும் ஏறத்தாழ இதே நிலைமைதான். வசதியைப் பார்க்காமல் வெளிநாட்டு மாணவர்களைத் தெரிவுசெய்து, தேவை முழுவதையும் ஈடுசெய்யும் நிறுவனங்கள் மிகச் சில. மற்ற இடங்களில், நிதியுதவி கேட்பதே அனுமதிக்கான வாய்ப்பைக் குறைக்கலாம். தகுதித் தொகைக்கு அந்தப் பாதிப்புப் பெரும்பாலும் இல்லை.

வரும் ஆண்டுகளில் இந்தப் போட்டி மேலும் கூர்மையாகும். பெற்றோர் பெயரில் கூட்டரசு தரும் ‘பேரன்ட் பிளஸ்’ கடனுக்கு இதுவரை, கல்லூரிச் செலவில் மற்ற உதவி போக மீதி முழுவதும் என்ற தாராளமான வரம்பு இருந்தது. 2025-இல் இயற்றப்பட்ட சட்டம் 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் பெறுவோருக்கு அதை ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு 20,000 டாலர், மொத்தம் 65,000 டாலர் என்று கட்டுப்படுத்துகிறது. இந்தக் கடனை நம்பி மாணவர்களைச் சேர்த்துவந்த கல்லூரிகள் ஒன்று கூடுதலாகத் தள்ளுபடி தரவேண்டும், அல்லது மாணவர்களை இழக்கவேண்டும். பள்ளி முடிப்போரின் எண்ணிக்கையும் 2025-இல் உச்சத்தைத் தொட்டு அதன் பின் சரியும் என்பது மேற்கு மாநிலங்களுக்கிடையேயான உயர்கல்வி ஆணையத்தின் கணிப்பு.

ஆகவே பெரிய தொகையோடு வரும் கடிதத்தில் இன்னொன்றையும் பார்க்கவேண்டியிருக்கிறது: கொடுக்கும் கல்லூரி நான்கு ஆண்டுகள் நிலைத்திருக்குமா? நியூயார்க் மாநிலத்தின் கசனோவியா கல்லூரி 2023-இலும், அலபாமாவின் பர்மிங்ஹாம்-சதர்ன் கல்லூரி 2024 மே மாதத்திலும் மூடப்பட்டன. சேர்க்கை ஆண்டுக்காண்டு குறைவது, தள்ளுபடி விகிதம் ஏறிக்கொண்டே போவது, துறைகள் இழுத்து மூடப்படுவது ஆகியவை முன்கூட்டியே தெரியும் அறிகுறிகள். லாபநோக்கற்ற கல்லூரிகள் வரித் துறைக்கு அளிக்கும் ஆண்டறிக்கைகள் பொதுவெளியில் கிடைக்கின்றன. வரவைவிடச் செலவு மூன்று நான்கு ஆண்டுகளாகத் தொடர்ந்து மிகுந்திருக்கிறதா என்பதை அவற்றில் பார்த்துவிடலாம். கல்லூரி நடுவில் மூடப்பட்டால் மாணவர் பெற்ற பாடப் புள்ளிகளில் ஒரு பகுதியாவது வேறிடத்துக்கு மாறும், உதவித்தொகை மாறாது. இடைமாற்றத்தில் வரும் மாணவர்களுக்கான தகுதித் தொகையோ, பெரும்பாலான கல்லூரிகளில், முதலாண்டு மாணவர்களுக்குக் கொடுப்பதைவிடக் குறைவு.